மணற்கல்லிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

கடல் தரைக்கு ஆயுள் குறைவு. நடுக்கடல் மேட்டில் பிறக்கிறது, மெல்ல விலகிப் போகிறது, கடைசியில் ஏதோ ஓர் அகழியில் இன்னொரு தட்டுக்கு (பூமியின் மேலோடு உடைந்து கிடக்கும் பெருந்துண்டுகளில் ஒன்றுக்கு) அடியில் நுழைந்து காணாமல் போகிறது. இன்று பெருங்கடல்களில் இருப்பதில் மிகப் பழைய தரை மேற்குப் பசிபிக்கில் கிடக்கிறது, அதற்கே வயது சுமார் 18 கோடி ஆண்டுதான் (மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இன்னும் பழைய துண்டு ஒன்று இருக்கிறது என்று வாதிடுபவர்களும் உண்டு). பூமிக்கு வயது சுமார் 450 கோடி. அப்படியென்றால் பூமியின் வரலாற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேலான காலத்துக்கு, எந்தத் தட்டு எங்கே பிரிந்தது, எது எதன் அடியில் போனது என்று காட்டும் கடல் தரை நம் கையில் இல்லை.

சரி, மிச்சம் இருப்பது என்ன? கண்டங்களின் மேல் ஒட்டிக்கொண்டு தப்பித்த பாறைகள். அவற்றில் எரிமலைப் பாறை கிடைத்தால் நல்லது, நேரடியாகப் பேசலாம். பெரும்பாலும் கிடைப்பதோ கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கும் மணற்கல்லும் களிமண் பாறையும்தான், அதுவும் புதைபடிவம்கூட இல்லாமல், மடிந்து நசுங்கி. அந்த மணல் ஒரு காலத்தில் ஏதோ மலையிலிருந்து அரித்துக்கொண்டு வரப்பட்டது. மலை போய்விட்டது, கடலும் போய்விட்டது, மணல் இருக்கிறது. அந்த மணலை அரைத்து அதில் சிலிக்கா எவ்வளவு, சோடியம் எவ்வளவு, தோரியம் எவ்வளவு என்று அளந்து, அது எந்த மாதிரியான தட்டு விளிம்பில் உருவானது என்று சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கைதான் கடந்த 40 ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. ஆனால் அது எதுவரை செல்லும் என்பதில்தான் சிக்கல்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். கடல் நடுவே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போகும் இடத்தில் எரிமலைத் தீவுகள் வில் போல வரிசையாக எழும்பும், டோங்கா, மரியானா மாதிரி. அங்கே வெளிவரும் குழம்பு பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்திலிருந்து அதிகம் மாறாமல் வந்தது, எனவே சிலிக்கா குறைவு, இரும்பும் மக்னீசியமும் அதிகம், பொட்டாசியம் குறைவு. கண்டத்தின் உள்பகுதியிலோ பாறை பலமுறை உருகி உருகி வடிந்து கிரானைட்டாகிவிட்டது, அதில் சிலிக்காவும் பொட்டாசியமும் கூடுதல். சிறு அளவில் இருக்கும் தனிமங்களும் இதே போலப் பிரிந்துகொள்கின்றன. ஸ்காண்டியம் பைராக்ஸீன் போன்ற இரும்பு-மக்னீசியக் கனிமங்களுக்குள் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிடும். தோரியத்தை வழக்கமான கனிமங்கள் சேர்த்துக்கொள்வதில்லை, அதனால் அது கடைசி வரை உருகிய குழம்பிலேயே தங்கி கிரானைட்டில் போய்ச் சேரும். இரண்டுமே தண்ணீரில் லேசில் கரையாது. ஆகவே ஆற்றில் அடித்துக்கொண்டு போனாலும் மணலோடும் சேற்றோடும் தான் போகும். தோரியத்தை ஸ்காண்டியத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், மூல மலை பசால்ட் (சிலிக்கா குறைந்த எரிமலைப் பாறை) பக்கமா கிரானைட் பக்கமா என்பதைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து வைக்கும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது யூரோப்பியம். அரிய மண் தனிமங்கள் எல்லாம் +3 மின்னூட்டத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ள, இது மட்டும் ஆழத்தில் +2 ஆகி, கால்சியம் உட்காரும் இடத்தைப் பிடித்து பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்துக்குள் புகுந்துவிடும். கண்டத்தின் அடிப்பகுதி உருகும்போது பிளாஜியோகிளேஸ் கீழேயே தங்கிவிடுகிறது, மேலே ஏறும் கிரானைட்டில் யூரோப்பியம் பற்றாக்குறை. பிறகு அந்த கிரானைட் அரிந்து மணலாகி, மணல் பாறையாகி, அந்தப் பாறை மறுபடி அரிந்து இன்னொரு பாறையானாலும் பற்றாக்குறை அப்படியே தொடரும்.

இந்த வேதியியலைத் தட்டு விளிம்புகளோடு ஒழுங்காகக் கட்டிப் போட்டவர் முகுல் பாட்டியா. கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கிழக்கு ஆஸ்திரேலியாவின் தொல்லுயிர் ஊழிக் (பேலியோசோயிக்) கால மணற்கற்களை எடுத்துக்கொண்டார், எல்லாம் ஆழ்கடலில் சேற்று ஓட்டமாக வந்து படிந்த டர்பிடைட் வகை. டாம்வொர்த், ஹில் எண்ட், ஹாட்ஜ்கின்சன், பெண்டிகோ என்று இடம் இடமாகப் பிரித்து 1983இல் நான்கு வகைச் சூழல்களுக்கு நான்கு சராசரிகளைக் கொடுத்தார். கடல் நடுவே இருக்கும் தீவு வில்லுக்கு டாம்வொர்த்: சிலிக்கா சுமார் 59 விழுக்காடு, பொட்டாசியம் ஆக்சைடை சோடியம் ஆக்சைடால் வகுத்தால் 0.4. கண்டத் துண்டின் மேல் எழுந்த தீவு வில்லுக்கு ஹில் எண்ட், சிலிக்கா 71. ஆண்டிஸ் போல எரிமலை பொங்கும் செயல்படும் கண்ட விளிம்புக்கு ஹாட்ஜ்கின்சன், சிலிக்கா 74, விகிதம் 1. நம் கிழக்குக் கடற்கரை போலச் சலனமில்லாமல் கிடக்கும் அமைதியான விளிம்புக்கு பெண்டிகோ வகை, சிலிக்கா 82, விகிதம் 1.6. யூரோப்பியமும் இதே வரிசையில் இறங்குகிறது: தீவு வில்லில் பற்றாக்குறையே இல்லை, அமைதியான விளிம்பில் இருக்கவேண்டியதில் பாதியை ஒட்டித்தான் இருக்கிறது. 1986இல் அவரும் கீத் க்ரூக்கும் லாந்தனம்-தோரியம்-ஸ்காண்டியம் முக்கோண வரைபடம் போன்றவற்றைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு பாரி ரோசரும் ரஸ்ஸல் கோர்ஷும் இன்னும் எளிமையாக, சிலிக்காவை ஒரு அச்சிலும் பொட்டாசியம்-சோடியம் விகிதத்தை இன்னொன்றிலும் வைத்து, மணலையும் களியையும் சேர்த்தே புள்ளி வைக்கும் வரைபடம் ஒன்றைக் கொடுத்தார்கள். உங்கள் பாறையை எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் அளந்து, புள்ளியை வைத்து, எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்தால் போதும். இவ்வளவு சுலபமாக ஒரு பதில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

இந்த முறை தன் பலத்தைக் காட்டிய இடம் நியூசிலாந்து. தெற்குத் தீவில் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பெரும்பகுதி டார்லெஸ் எனப்படும் சாம்பல் நிறக் கிரேவாக்கி மணற்கல். தெற்கே அதன் பக்கத்திலேயே கேப்பில்ஸ் என்ற இன்னொரு தொகுதி. டார்லெஸ் மணல் கண்டத்துப் பாறையிலிருந்து, கிரானைட் குடும்பத்திலிருந்து வந்தது. கேப்பில்ஸ் மணல் எரிமலை வில்லிலிருந்து வந்தது. இரண்டும் தனித்தனி இடங்களில் படிந்து பிற்பாடு ஒன்றோடொன்று இடித்துச் சேர்ந்தவை. சேர்ந்த இடம் எங்கே என்று பார்க்கப் போனால், நடுவில் ஒடாகோ ஷிஸ்ட் என்ற உருமாறிய பாறையின் அகலமான பட்டை. வெப்பமும் அழுத்தமும் தாக்கி மணல் துகள்கள் மறுபடி படிகமாகிவிட்டன, நுண்ணோக்கியில் துகள் எண்ணிப் பார்க்கும் பழைய வழி அங்கே எடுபடாது. நேரில் பார்த்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி மினுங்கும் சாம்பல் ஷிஸ்ட். 1992இல் நிக் மார்ட்டிமரும் ரோசரும் ஷிஸ்ட்டின் மொத்த வேதியியலை அளந்து, எந்த இடம் வரை கேப்பில்ஸ் குணம், எங்கிருந்து டார்லெஸ் குணம் என்று கோடு போட்டார்கள். கனிமங்கள் அத்தனையும் மாறிவிட்ட பிறகும் தனிமங்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை என்பதால்தான் அந்தக் கோடு சாத்தியமானது. அங்கே கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: இந்த மணல் எந்த மூலத்திலிருந்து வந்தது, இதுவா அதுவா? அதற்கு வேதியியல் நேராகப் பதில் சொல்லும்.

இனி சிக்கல்கள். சில்லறைச் சிக்கல்களை முதலில் முடித்துவிடலாம். சோடியம் எளிதில் கரைந்து இடம் மாறும் தனிமம். ஒரு மணற்கல்லில் பொட்டாசியம் ஆக்சைடு 1.6 விழுக்காடு, சோடியம் ஆக்சைடு 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 0.4, பாட்டியாவின் தீவு வில் சராசரி. மழை அதிகமுள்ள வெப்ப நாட்டில் ஃபெல்ஸ்பார் அழுகி சோடியம் 2 ஆகிவிட்டால் விகிதம் 0.8. இன்னும் கரைந்து 1 ஆனால் 1.6, அமைதியான விளிம்பின் சராசரியே வந்துவிட்டது. தட்டு எதுவும் நகரவில்லை, மழைதான் பெய்தது. நேர்மாறாகவும் நடக்கும்: புதைந்த பிறகு உப்புத் திரவம் ஊறி பிளாஜியோகிளேஸ் சோடியம் நிறைந்த ஆல்பைட்டாக மாறினால் சோடியம் கூடி விகிதம் சரிந்துவிடும். மழையின் தாக்கத்தை அளக்க 1982இல் நெஸ்பிட்டும் யங்கும் அலுமினியத்தை வைத்து ஒரு வேதி மாற்றக் குறியீட்டைக் கொடுத்தார்கள், புதிய கிரானைட்டுக்கு 50, முழுக்கக் கயோலின் களிமண் ஆகிவிட்டால் 100. இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே சோடிய விகிதத்தை எந்தத் திருத்தமும் இல்லாமல் வரைபடத்தில் போடும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர் செய்யும் சலிப்பு வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனவர்களுக்கு இது தெரியும்: வெள்ளை மணலும் கறுப்பு மணலும் அருகருகே கிடக்கும். கறுப்புப் பட்டையில் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகிய கனமான கனிமங்கள் எல்லாம் திரண்டிருக்கின்றன; மோனசைட்டில் தோரியமும் லாந்தனமும் சீரியமும் நிறைந்திருப்பதால்தான் அங்கே அரிய மண் தனிமங்களுக்காக மணல் எடுக்கிறார்கள். வெள்ளை மணல் ஏறக்குறைய வெறும் குவார்ட்ஸ். இரண்டுக்கும் மூலம் ஒன்றேதான், உள்நாட்டு சார்னகைட், நைஸ் பாறைகள். அலை லேசானதை ஒதுக்கிக் கனமானதைக் குவித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு பிடி எடுத்து தோரியம்-ஸ்காண்டியம்-சிர்கோனியம் முக்கோணத்தில் வைத்தால், இரண்டு புள்ளிகளும் ஒரே ஊரிலிருந்து வந்தவை என்று யாரும் நம்ப மாட்டார்கள். பழைய பாறையில் அந்தக் கறுப்புப் பட்டை ஒரு விரல் தடிமனில் இருக்கும், மாதிரி உடைக்கும் சுத்தியலுக்கு அது தெரியாது.

மூன்றாவது, கணக்கில் ஒளிந்திருப்பது. எல்லாம் விழுக்காட்டில் இருப்பதால் மொத்தம் 100ஐத் தாண்ட முடியாது. 100 கிராம் மணற்கல்லில் 60 கிராம் சிலிக்கா, மீதி 40 கிராம் மற்றவை. இதோடு 100 கிராம் சுத்தமான குவார்ட்ஸ் மணல் கலக்கட்டும். இப்போது 200 கிராமில் 160 கிராம் சிலிக்கா, அதாவது 80 விழுக்காடு. இரும்பு, மக்னீசியம், டைட்டானியம், அலுமினியம் எல்லாம் 'பாதியாகிவிட்டன', ஆனால் ஒரு மில்லிகிராம்கூட எங்கேயும் போகவில்லை. சிலிக்கா கூடக் கூட மற்றவை குறைவது போல வரைபடத்தில் தெரியும் அழகான சாய்வில் ஒரு பங்கு இந்தக் கணக்கு விளையாட்டு. விகிதங்களின் மடக்கையை எடுத்தால் இதிலிருந்து தப்பிக்கலாம் என்று ஜான் எய்ட்சிசன் 1980களிலேயே புள்ளியியல் வழியில் நிறுவிவிட்டார். புவியியலில் அது பரவலாகப் புழங்க நெடுங்காலம் பிடித்தது.

இவற்றையெல்லாம் கவனமாக இருந்தால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, மணல் பயணம் செய்யும்.

வங்காள விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அதில் ஒரு பகுதி கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தெற்கே நீண்டு, இலங்கையையும் தாண்டி, நிலநடுக்கோட்டுக்கு அப்பால் வரை விசிறி போல விரிந்து கிடக்கிறது. சென்னைக்கு நேர் கிழக்கே ஆழ்கடலில் துளையிட்டால் வருவது பெரும்பாலும் இமயமலை. இருக்கும் இடமோ இந்தியாவின் அமைதியான கிழக்கு விளிம்புக்கு எதிரில். அதே விசிறியின் கிழக்குப் பக்கம், நிக்கோபார் விசிறி, சுமத்ராவுக்கு அருகே அகழியை நோக்கிப் போய், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போகும் அமிழ்வு மண்டலத்துக்குள் நுழைகிறது. 2016இல் ஒரு சர்வதேச ஆழ்கடல் துளையிடும் பயணம் அந்த அகழிக்கு மேற்கே துளையிட்டு, அங்கே குவிந்த வண்டலில் பெரும்பங்கு இமயமலைப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று காட்டியது. பக்கத்திலேயே சுமத்ராவின் எரிமலை வில் புகைந்துகொண்டிருக்கிறது, மணலிலோ அதன் பங்கு சொற்பம். இன்னும் 30 கோடி ஆண்டு கழித்து யாராவது இந்தப் பாறையைக் கையில் எடுத்து அரைத்து வரைபடத்தில் வைத்தால், எரிமலை வில்லுக்கு முன்னே இருந்த அகழியில் படிந்த மணலுக்கு, கண்டங்கள் மோதிய மலைத்தொடரின் கையெழுத்து கிடைக்கும். வரைபடம் பொய் சொல்லவில்லை, மணலின் பிறப்பைச் சரியாகத்தான் சொன்னது. படிந்த இடத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இது இன்றைய கடலுக்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் இந்த ஓட்டை அளவுகோலிலேயே இருக்கிறது. அமைதியான விளிம்புக்கு மாதிரியாக வைத்த பெண்டிகோவைப் பாருங்கள். விக்டோரியா மாநிலத்தில் தங்கச் சுரங்கங்களுக்குப் பேர்போன ஊர், தங்கத்தைத் தாங்கும் பாறை ஆர்டோவிசியன் கால (45 கோடி ஆண்டை ஒட்டிய) டர்பிடைட், குவார்ட்ஸ் மிகுந்தது. அந்த மணல் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் பழைய மலைகளிலிருந்து அரித்து வந்தது என்பதில் பெரிய சண்டை இல்லை, அதனால்தான் சிலிக்கா 80ஐத் தாண்டுகிறது. ஆனால் அது படிந்த காலத்தில் கிழக்கு கோண்டுவானாவின் விளிம்பு அமைதியாக இல்லை. இன்றைய நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் மக்குவாரி வில் என்ற எரிமலை வில் அதே ஆர்டோவிசியனில் செயல்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே பெண்டிகோ படுகை, அமிழ்வு மண்டலத்துக்குப் பின்புறம் திறந்த ஒரு கடலாக, பின்வில் படுகையாக இருந்திருக்கும் என்பது இன்று பலர் ஏற்றுக்கொண்ட பார்வை. அப்படியானால் 'அமைதியான விளிம்பு' என்று அச்சிட்ட கட்டத்தை வரையவே, அமைதியில்லாத விளிம்பின் மணலை எடுத்திருக்கிறோம். அந்தக் கட்டத்துக்குப் 'பழைய கண்டத்து மணல்' என்று பெயர் வைத்திருந்தால் தகராறே இருந்திருக்காது.

சரி, தெரிந்த இடத்து மணலைக் கொடுத்துச் சோதித்தால் இந்த வரைபடங்கள் எவ்வளவு தேறும்? ஜான் ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரினும் மெக்சிகோவின் சுரேந்திர வர்மாவும் 2005இல் அதைச் செய்தார்கள். கடந்த சுமார் 2 கோடி ஆண்டுகளில் படிந்த, எந்தத் தட்டுச் சூழல் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த வண்டல்களின் தரவைத் திரட்டி, பாட்டியாவின் வரைபடங்களையும் ரோசர்-கோர்ஷ் வரைபடத்தையும் சேர்த்து ஆறைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவை தேறவில்லை, ரோசர்-கோர்ஷ் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேல். அதே ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரின் குழு அதற்கு ஓராண்டு முன்புதான் கூடங்குளம் பகுதியின் மயோசீன் கால (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுக்கு முந்தைய) மணற்கல்லை ஆராய்ந்து, குவார்ட்ஸ் மிகுந்தது, கிரானைட் குணமுள்ள மூலத்திலிருந்து வந்தது, அமைதியான விளிம்பு என்று எழுதியிருந்தது. விடை சரிதான். ஆனால் இந்தியாவின் தென்முனை மயோசீனில் அமைதியான விளிம்பு என்பது மணற்கல்லைக் கேட்காமலே தெரியும், பின்னால் நிற்பதும் பழைய கண்டம், எனவே மணலின் மூலமும் அது படிந்த இடமும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடத்தில்தான் வரைபடம் நமக்குத் தேவைப்படுகிறது, அங்கேதான் அது தடுமாறுகிறது.

2013இல் வர்மாவும் ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரினும் புதிய வரைபடங்களைக் கொடுத்தார்கள். பத்து முக்கிய ஆக்சைடுகளையும் மடக்கை விகிதமாக மாற்றிச் சேர்த்துக் கணக்கிடுவது. சிலிக்கா 63க்கு மேல் ஒன்று, கீழே ஒன்று. பிரிவுகள் மூன்றுதான், எரிமலை வில், கண்டப் பிளவு, கண்ட மோதல். கணக்கில் இருந்த ஓட்டையை இது அடைக்கிறது, சோதனையிலும் பழையவற்றைவிட நன்றாகத் தேறுகிறது. ஆனால் மணல் பயணம் செய்யும் என்பதை எந்த மடக்கையும் மாற்றாது. 200, 300 கோடி ஆண்டு பழைய பாறைக்கு இவற்றைப் பொருத்துவதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: அன்றைக்குக் கண்டங்களே வேறு மாதிரி, கிரானைட்டின் குணம் வேறு, காற்றின் வேதியியல் வேறு, தட்டுகள் இன்று போல நகர்ந்தனவா என்பதே விவாதத்தில் இருக்கிறது. நேற்றைய கடல் மணலைக் கொண்டு அளவு குறித்த வரைபடம் அங்கே என்ன பதில் சொன்னாலும், அந்தப் பதிலுக்குள் இன்றைய பூமி ஒளிந்திருக்கும்.

எனவே இந்த வகைக் கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது வரைபடத்தை அல்ல, மாதிரி எடுத்த விதத்தை. மணலும் களியும் சேர்த்து எடுத்தார்களா, எத்தனை அடுக்கிலிருந்து, சோடியம் தப்பியதா என்று சோதித்தார்களா? ஐந்து வரைபடம் போட்டு மூன்று வேறு வேறு பதில் வந்திருந்தால், மீதியை என்ன செய்தார்கள்? கட்டுரையின் முடிவுக்கு ஒத்த வரைபடம் மட்டும் பெரிதாக அச்சாகி, ஒவ்வாதது 'பிற்கால மாற்றத்தால் பாதிக்கப்பட்டது' என்ற ஒரு வரியில் போயிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

அப்புறம், சிர்கான் வயது இருக்கிறதா என்று பார்ப்பேன். இது வேதியியலிலிருந்து தனித்த சாட்சி. மணலில் இருக்கும் ஒவ்வொரு சிர்கான் துகளும் எப்போது படிகமானது என்று, யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளக்கும் யுரேனியம்-ஈயம் முறையில் தெரியும், பாறை எப்போது படிந்தது என்று வேறு வழியில் தெரியும், இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே கேள்வி. எரிமலை வில்லின் பக்கத்தில் படிந்த மணலில், படிவதற்குச் சற்று முன்பு பிறந்த சிர்கான்கள் ஏராளமாக இருக்கும். அமைதியான விளிம்பில் பெரும்பாலும் பழைய துகள்கள்தான் இருக்கும். பீட்டர் கேவுட், கிறிஸ் ஹாக்ஸ்வொர்த், புருனோ டுயிம் மூவரும் 2012இல் இந்த இடைவெளியை வைத்தே சூழல்களைப் பிரித்துக் காட்டினார்கள். இதுவும் மணலின் பிறப்பைத்தான் படிக்கிறது, நிக்கோபார் விசிறியில் இதுவும் இமயமலையைத்தான் பார்க்கும். ஆனால் எரிமலைச் சாம்பல் அடுக்கு ஒன்று நடுவில் சிக்கியிருந்தால், படுகையின் அடித்தரை எந்தப் பாறை என்று தெரிந்தால், சேற்று ஓட்டம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அடுக்கின் அடியில் இருக்கும் கீறல்களிலிருந்து அளந்திருந்தால், அவையெல்லாம் படிந்த இடத்தைப் பற்றிப் பேசும். சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு வெயிலில் நின்று சேகரிக்க வேண்டிய இந்தத் தகவல், ஆய்வகத்திலிருந்து வரும் அட்டவணையில் எந்தப் பத்தியிலும் இருக்காது.